தனி ஆள் ஏற்றும் பெட்டி

நான்கு சில்லுள்ள எதையும் கயிறு கட்டி இழுத்தால் பின்னால் வந்துவிடும். இரண்டு சில்லுள்ளதை இழுத்தால் விழுந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஏற்றும் பெட்டி செய்வதில் உள்ள கஷ்டம் முழுவதும் இந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிடும். மற்றதெல்லாம் இரும்பை வெட்டுவதும் ஒட்டுவதும்தான்.

போன மாதம் கல்முனையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் இருவர் என் வீட்டுக்கு வந்து ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். வெளிநாட்டில் செய்த டிரெயிலர். பளபளவென்று அலுமினியம், பித்தானை அமத்தினால் இழுக்கும் மின்சார விஞ்சு. மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போகும் ஒருவர் அதைப்போல் ஒன்று செய்து கேட்டிருக்கிறாராம்.

"காக்கா, ஆதம்பாவா பாஸ்ட பட்டறையில நீங்க முந்தி இப்பிடி ஒண்டு செஞ்சதாமே. அது எப்பிடி?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களைக் காக்கா என்பது வழக்கம்.

அகலம், நீளம், அச்சு வைக்க வேண்டிய இடம் எல்லாம் சொன்னேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். போன பிறகுதான், நான் சொன்னது அளவுகளை மட்டுமே என்று பட்டது. அந்தப் பெட்டியில் ஒரு குடும்பத்தின் கதையும் இருக்கிறது. அதை இப்போது எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருதுக்காரன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றபோது சம்மாந்துறை வீதியில் இருந்த ஆதம்பாவா பாஸின் பட்டறையில் சேர்ந்தேன். கூட்டினேன், துரு உரசினேன், இரும்பு வெட்டினேன். ஒட்டுவதற்குக் கை பழகியதும் சவூதிக்குப் போய்ச் சில வருடங்கள் குழாய் ஒட்டினேன். திரும்பி வந்து அதே பட்டறையில் அதே மூலையில் நின்றேன். கண்ணில் படலம் விழுந்து வேலையை விடும்வரை வேறு எங்கும் போகவில்லை. எங்கள் பட்டறையில் செய்ததெல்லாம் பெட்டிதான். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொளுவி நெல், செங்கல், மணல், கல்யாண வீட்டுச் சாமான் என்று எதையும் ஏற்றுகிற பெட்டி. பில்லில் டிரெயிலர் என்று எழுதினாலும் வாயில் பெட்டிதான்.

ஆதம்பாவா பாஸ் பெரிய உடம்புக்காரர். கதை குறைவு. ஒரு பெட்டியை நாங்கள் ஒட்டி முடித்ததும் கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு வருவார். சட்டைப் பையில் வெண்கட்டி இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தட்டு. நல்ல ஒட்டு மணிபோல் பேசும். உள்ளே ஓட்டை இருந்தால் சத்தம் அடைத்துப் போகும். சத்தம் அடைத்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த மூட்டுக்குப் போய்விடுவார். யார் ஒட்டியது என்று கேட்க மாட்டார், யாரையும் பார்க்கவும் மாட்டார். ஒட்டியவனுக்குத் தெரியும். அவன் கிரைண்டரை எடுத்து அந்த இடத்தை வெட்டியெறிந்துவிட்டுத் திரும்ப ஒட்டுவான். ஒருமுறை ஒரு பெட்டியில் வட்டங்கள் கூடிப்போனபோது, அதை எடுக்க வந்த வயல்காரப் போடியார், "என்ன பாஸ், பெட்டிக்குக் கோலம் போட்டிரிக்கி?" என்று சிரித்தார். பாஸ் சிரிக்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்றார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலை முடிந்த பெட்டியில் தானே ஏறி, வெறும் தகட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டறைக்குப் பின்னால் வயலுக்குப் போகும் கிறவல் ரோட்டில் ஓட்டச் சொல்வார். முதுகை ஓரச் சட்டத்தில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். திரும்பி வந்து இறங்கும்போது, "பின்னால இடப் பக்கம் ஒரு போல்ட் கீச்சிட்டு அழுகுது, பாருங்க" என்பார். பார்த்தால் இருக்கும். வயது போன காலத்தில் இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "வெள்ளாமை வெட்டுக்குப் போகக்குள்ள இதுக்குள்ள புள்ளையளும் ஏறி இரிக்கும் கலீல். நான் இரிக்கப் பயப்பிடுற பெட்டியில அதுகளை எப்பிடி இரிக்கச் சொல்ற?" என்றார்.

அந்த மனிதரிடம்தான் தவராசாவும் அவருடைய மனைவி புவனேஸ்வரியும் வந்தார்கள்.

தவராசா வீரமுனையைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் மெக்கானிக். பல வருடங்களுக்கு முன் லொறி மோதியதில் வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. தார் ரோட்டில் செயற்கைக் காலோடு நடப்பார். சேற்றில் அது புதைந்துவிடும் என்பதால் வயலில் ஊன்றுகோல்தான். அவருடைய தொழிலோ பெரும்பாலும் வயலில். எங்கள் பக்கத்தில் வட்டை என்கிற வயல்வெளிக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில்தான் போவார்கள்; வாயில் அது வெறும் சைக்கிள்தான். வாய்க்கால் கரையான கட்டுகள் முழுக்கச் சேறும் குழியும். செயின் அறும், சில்லு நெளியும், எஞ்சினுக்குள் தண்ணீர் போகும். சில வட்டைகளில் பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். அங்கே விட்டுவிட்டு வந்த சைக்கிள் காலையில் தகடாகக் கிடப்பதும் உண்டு. அப்படி நின்றுபோன சைக்கிள்களைத் தவராசா தன் லேண்ட்மாஸ்டரில் போய் எடுத்துவந்து திருத்திக் கொடுப்பார். லேண்ட்மாஸ்டர் என்பது நீளமான கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரு சில்லு உழவு இயந்திரம். கிளச்சும் வேகமும் எல்லாம் கையில் இருப்பதால் ஒற்றைக் காலோடு அவரால் அதை ஓட்ட முடிந்தது. பின்னால் கொளுவிய பெட்டியில் சைக்கிளை ஏற்றுவதற்கு மட்டும் புவனேஸ்வரி கூடப் போவார்.

அன்றைக்குக் கதைத்தது அவர்தான்.

"பாஸ், எனக்கு வயித்தில ஒப்பரேசன் செஞ்சிரிக்கி. பாரம் பிடிக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். இவர் தனிய சைக்கிள் ஏத்துற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு தாங்க."

"கூட ஒரு ஆளைப் பிடிக்கலாமே, தங்கச்சி?"

"ஆர் இரிக்காங்க? பொடியன்மார் எல்லாம் கட்டாருக்கு உழைக்கப் போயிட்டாங்க. இரிக்கிற ஒண்டு ரெண்டு பேரும் வட்டைக்கு வரச் சொன்னா ஃபோனை எடுக்க மாட்டாங்க."

தவராசா அதுவரை சுவரில் சாய்ந்து நின்றார். "பெட்டி தரையோட பதிவா இருந்தாப் போதும் பாஸ். நான் ஏத்திருவன்" என்றார்.

பாஸ் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "தம்பி, ரெண்டு பேர் பிடிக்கிற சாமானை ஒராள் பிடிச்சா அது அந்த ஆளுக்கு மேலதான் விழும். சேத்துக்குள்ள, தனிய, அந்தப் பாரத்துக்குக் கீழ கிடந்தா ஆர் வந்து தூக்குற? அப்பிடி ஒண்டை என்ட கையால செஞ்சு தர ஏலா."

"நீங்க செஞ்சு தராட்டியும் இவர் ஏத்தத்தான் போறார்" என்றார் புவனேஸ்வரி. "போன கிழமை எனக்குத் தெரியாமப் போய், வெறும் பலகையை வச்சு ஏத்திப் பார்த்திரிக்கார். தோள் எல்லாம் உரிஞ்சு வந்தார். அதனாலதான் நானே கூட்டிட்டு வந்தன்."

தவராசா தலையைக் குனிந்துகொண்டார். பாஸ் சட்டைப் பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"கலீல், அளவு எடு."

நான் சைக்கிளை அளக்கப் போனேன். பாஸ் தடுத்து, தவராசாவை அளக்கச் சொன்னார். உட்கார்ந்திருந்தால் கை எவ்வளவு எட்டும், ஒற்றைக் காலில் நின்று குனிந்தால் எதுவரை பிடிக்க முடியும், எந்தப் பக்கம் சாய்ந்தால் தடுமாறுவார், எல்லாவற்றையும் பட்டறைத் தரையில் கோடு போட்டு எடுத்தோம்.

லேண்ட்மாஸ்டர் பெட்டியில் காலால் மிதிக்கும் பிறேக் வலப் பக்கத்தில் இருக்கும். அதை இடப் பக்கத்துக்கு மாற்றினோம். பெட்டியின் அடித்தளமான படுகை தரைக்கு எவ்வளவு கிட்ட வரலாமோ அவ்வளவு பதித்து, அச்சுக்கு மேல் தராசுபோல் சாய்கிற மாதிரி வைத்தோம். அதைப் பூட்டியிருக்கும் இரும்பு ஊசியைக் கழற்றினால் வால் பக்கம் தரையைத் தொடும். சைக்கிள் ஓடி ஏற நடுவில் பள்ளமான சனல் இரும்பில் ஒரு தடம். முன்னால் ஒரு தூண், தூணில் கையால் சுற்றும் விஞ்சு. அதன் கம்பிக் கயிற்றைச் சைக்கிளில் கொளுவிச் சுற்றினால் சைக்கிள் தடத்தில் ஏறி வரவேண்டும். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். பின்பாரமானால் லேண்ட்மாஸ்டரின் கைப்பிடி மேலே கிளம்பும், ஓட்டுகிறவனின் பிடி போய்விடும்.

சோதித்துப் பார்க்கும் நாளில் தவராசாவும் புவனேஸ்வரியும் வந்திருந்தார்கள். பட்டறை முற்றத்தில் என்னுடைய சைக்கிள் நின்றது. தவராசா ஊன்றுகோலோடு முன்னால் வந்தார். பாஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் வலது காலைப் பின்பக்கமாக மடித்து, பழைய டியூபில் வெட்டிய வாரால் தொடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்து, "அந்தக் கோலைத் தாங்க தம்பி" என்று கையை நீட்டினார்.

முற்றத்தில் நின்றவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புவனேஸ்வரிக்கு முகம் சிவந்தது.

"என்ன பாஸ் இது? எங்கட மனுசனைப் பழிச்சுக் காட்டத்தான் வரச் சொன்னீங்களா?"

பாஸ் திடுக்கிட்டுப் போனார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கட்டிய காலோடு எழும்ப முடியாமல் ஸ்டூலைப் பிடித்தபடி, "அல்லாஹ்வே, அப்பிடி இல்ல தங்கச்சி" என்றார். "நான் ஏறி இரிக்காத பெட்டியை ஆருக்கும் குடுத்ததில்ல. இது இவர் இரிக்கிற மாதிரி இரிந்து பார்க்க வேணும். அதான் கட்டினன். விழுறதெண்டா முதல்ல நான் விழுறன்."

தவராசா நொண்டி வந்து ஊன்றுகோலை அவருடைய கக்கத்தில் வைத்து, உயரத்தைச் சரிசெய்து கொடுத்தார். "பாரத்தைக் கையில விடுங்க பாஸ், கக்கத்தில விடாதீங்க" என்றார்.

பாஸ் விழுந்தார். கம்பியைக் கொளுவி, விஞ்சடிக்கு நொண்டிப் போய்ச் சுற்றத் தொடங்கும்வரை சரியாக இருந்தது. முன் சில்லு தடத்தில் ஏறியதும் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்கப் பாய்ந்தவரையும் சேர்த்துக்கொண்டு கீழே வந்தது. ஓடிப் போய்த் தூக்கினோம். முழங்கை கிழிந்திருந்தது. இன்னொரு முறை செய்தார். சைக்கிள் மறு பக்கம் விழுந்தது. இழுத்தால் வரும், ஆனால் நிமிர்ந்து வராது. பக்கத்தில் ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஆள் இல்லாமல் செய்வதற்குத்தானே இந்த வேலை.

பாஸ் காலைக் கட்டவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, புவனேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க கூடப் போகக்குள்ள என்ன செய்யிற? பின்னால தள்ளுறயா?"

"இல்ல. தள்ளுற இவர்தான். நான் முன்னால நிற்பன்."

"முன்னால நிண்டு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். "முன் சில்லை என்ட ரெண்டு முழங்காலுக்கும் இடையில இறுக்கிப் பிடிச்சிருவன். கையால ஹாண்டிலைப் பிடிப்பன். அப்பிடியே பெட்டிக்குள்ள பின்னுக்குப் பின்னுக்கு நடப்பன். முழங்கால் விட்டாத்தான் சைக்கிள் சரியும். விடாட்டி அது எங்கயும் போகாது."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சைக்கிளை இழுக்கிற வேலையை விஞ்சு செய்யும். எங்களுக்கு வேண்டியது, சில்லைப் பிடித்துக்கொண்டு கூடவே பின்னுக்கு நடந்து வருகிற இரண்டு முழங்கால்கள்.

அதைச் செய்ய எனக்கு நிறைய நாள் எடுத்தது. குழாயை வளைத்து, சில்லின் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கிற மாதிரி ஒரு தொட்டில் செய்தேன். அடியில் ஆடுகிற ஒரு தகடு. முன் சில்லு உருண்டு தொட்டிலுக்குள் வந்தால், அதன் பாரத்திலேயே தகடு மறுபக்கம் சாய்ந்து சில்லைப் பூட்டிக்கொள்ளும். பூட்டியதும் கையை எடுத்துவிடலாம், சைக்கிள் தானாக நிற்கும். தொட்டிலுக்குக் கீழே பழைய பெயாரிங்குகளைச் சில்லாக்கித் தடத்துக்குள் ஓடவிட்டேன். விஞ்சுக் கம்பியைச் சைக்கிளில் கொளுவாமல் தொட்டிலில் கொளுவினேன். தொட்டில் முன் சில்லை இறுக்கிப் பிடித்தபடி ஏற, பின் சில்லு தடத்தில் உருண்டு வரும். முதலில் செய்த தொட்டில் அகலம் கூடி, சைக்கிள் ஆடியது. அடுத்ததில் இறுக்கம் கூடிப் பெரிய டயர் நுழையவில்லை. கடைசியில் ஒரு பக்கக் குழாயைச் சுருள் கம்பியோடு கொஞ்சம் விலகுகிற மாதிரி வைத்தேன். அளவு பார்க்கப் புவனேஸ்வரி வந்தபோது அதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இறுக வேணும் காக்கா. நான் இதைவிட இறுக்கிப் பிடிப்பன்" என்றார். இறுக்கினேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சைக்கிள் அச்சைத் தாண்டி முன்னால் வந்ததும் சாய்ந்திருந்த படுகை தடாரென்று மட்டத்துக்கு விழுந்தது. விரல் இருந்தால் போய்விடும். தவராசா தன் கடையிலிருந்து ஒரு பழைய ஷொக் அப்சோபரைக் கொண்டுவந்து தந்தார். சைக்கிளின் குலுக்கத்தைத் தாங்குகிற அந்தச் சாமானைப் படுகைக்கு அடியில் பூட்டியதும், படுகை மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக இறங்கியது.

பாஸ் திரும்பவும் காலைக் கட்டினார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சைக்கிளின் ஹாண்டிலையே ஊன்றுகோலாகப் பிடித்து நொண்டி நொண்டித் தொட்டிலுக்குள் தள்ளினார். தகடு டக்கென்று பூட்டியது. விஞ்சடிக்குப் போய் உட்கார்ந்து சுற்றினார். சைக்கிள் நிமிர்ந்தபடி ஏறி, படுகை அமர்ந்து, ஊசி தானாக விழுந்தது. பாஸ் "ம்" என்றார். பிறகு காலை அவிழ்த்து, பெட்டிக்குள் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தவராசா கிறவல் ரோட்டில் அவரை ஓட்டிக்கொண்டு போனார்.

பெட்டி போய்க் கொஞ்சக் காலத்துக்குப் புவனேஸ்வரிக்குப் பயம் விடவில்லை. அழைப்பு வந்தால் அவரும் ஏறிக்கொள்வார். ஒன்றையும் தொட மாட்டார், ஆனால் பக்கத்தில் நிற்பார். நிற்கிற ஆளைப் பார்த்தால் தவராசாவுக்குக் கை தடுமாறும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் கடைசியில் புவனேஸ்வரி வந்து பிடித்துவிடுவார். அப்படி ஒரு சைக்கிளையும் தவராசா முழுக்கத் தனியாக ஏற்றியதில்லை. மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், அவர் கிளினிக்குக்குப் போயிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது.

அழைத்தவர் சம்மாந்துறை மீராலெப்பை என்ற விவசாயி. வட்டைக்குள் செயின் அறுந்துவிட்டது, வந்து எடு என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தவராசா தனியாகப் புறப்பட்டார். நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாகப் பிறகு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்ன இடத்தில் ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனபோது வாய்க்கால் கட்டின் ஓரம் இடிந்து கிடந்தது. டயர் அடையாளம் அதுவரை வந்து நின்றிருந்தது. தவராசா எஞ்சினை நிறுத்தியதும் கீழேயிருந்து குரல் கேட்டது. காத்து நிற்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்த மீராலெப்பை, ஊறிப்போன கட்டு உடைந்து சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்திருந்தார். சைக்கிள் தொடைக்கு மேல் கிடந்தது. ஃபோன் தண்ணீரில் போய்விட்டது. உட்கார்ந்த நிலையில் நெஞ்சளவு தண்ணீர், மழையில் கூடிக்கொண்டே இருந்தது.

"காக்கா, தலையைத் தூக்கி வச்சிருங்க. நான் வாறன்."

"தனியாவா வந்த நீ?"

"ஓம்."

மீராலெப்பை என்னிடம் சொன்னார்: "மேல ஊன்றுகோலோட அவன் நிற்கிறதைப் பார்த்தன். ஓமெண்டு அவன் சொல்லக்குள்ள நான் கடைசிக் கலிமாச் சொல்லத் தொடங்கிட்டன்."

தவராசா லேண்ட்மாஸ்டரைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, பெட்டியின் வால் அந்த இடத்துக்கு நேரே வரும்படி நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்தார். ஊசியைக் கழற்றிப் படுகையைச் சாய்த்தார். கம்பியைத் தொட்டிலிலிருந்து விடுவித்து, கொளுக்கியைப் பல்லில் கவ்விக்கொண்டு சரிவில் உட்கார்ந்தபடியே வழுகி இறங்கினார். சைக்கிளில் கொளுவிவிட்டு, அதே கம்பியைப் பிடித்து மேலே ஏறினார். விஞ்சைச் சுற்றினார். கம்பி பக்கவாட்டில் முறுகியது, தூண் முனகியது, சைக்கிள் மெல்லக் கிளம்பி மீராலெப்பையின் காலை விட்டது. கட்டின் விளிம்புக்கு வந்ததும் அதைப் புரட்டி ஓரத்தில் போட்டுவிட்டுத் திரும்ப இறங்கினார்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. தவராசா தன் ஊன்றுகோலை அந்தக் காலோடு வைத்து, சட்டையைக் கிழித்துக் கட்டினார். சாமான்களை மூடும் படங்கை மீராலெப்பைக்கு அடியில் இழுத்துச் செருகி, அதன் மூலைகளைச் சேர்த்துக் கொளுக்கியில் மாட்டினார். தன் சாரனை அவிழ்த்து அவருடைய நெஞ்சைச் சுற்றிக் கட்டி, அதையும் கொளுக்கியில் போட்டார். இப்போது அவரிடம் ஊன்றுகோலும் இல்லை, சாரனும் இல்லை, உள்ளே போட்டிருந்த அரைக் காற்சட்டை மட்டும்தான். தவழ்ந்து மேலே வந்து விஞ்சைப் பிடித்தார்.

"சுத்துறான், சுத்துறான், நான் சேத்துல வழுகி ஏறுறன்" என்றார் மீராலெப்பை. "பெட்டிக்குள்ள வந்ததும் அது மெதுவா மட்டத்துக்கு இறங்கிச்சு. தொட்டில்ல போட்ட மாதிரி. அப்பதான் அழுதன்."

ஆஸ்பத்திரி வாசலில், சேறு பூசிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி வந்த தவராசாவைப் பார்த்ததும் ஊழியர்கள் தள்ளுகட்டிலை அவரிடம்தான் கொண்டு ஓடினார்களாம். "எனக்கில்ல, எனக்கில்ல, பெட்டிக்குள்ள இரிக்கிறவருக்கு" என்று அவர் கத்த வேண்டியிருந்தது. மீராலெப்பை பல மாதம் படுக்கையில் இருந்து பிழைத்து எழும்பினார்.

விசயத்தைக் கேள்விப்பட்ட பாஸ், பெட்டியை உடனே பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னார். பாராட்டப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் சுத்தியலோடு வந்தார். ஒவ்வொரு மூட்டையும் தட்டினார். விஞ்சுத் தூணில் வந்து நின்றார். தூண் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒட்டு விடவில்லை, இரும்புதான் வளைந்திருந்தது. அடியில் ஒரு வட்டம் போட்டார். எனக்கு முகம் சுருங்கியது.

"இது உன்ட இல்ல, கலீல்" என்றார். அவர் வட்டத்துக்கு ஆள் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "பக்கவாட்டில இழுக்க வரும் எண்டு நான் நினைக்கல்ல. இது என்ட."

தூணின் இரண்டு பக்கமும் சாய்வாகத் தாங்கு இரும்பு வைக்கச் சொன்னார். பின் மூலைகளில் பக்கத்துக்கு ஒரு வளையம், பக்கவாட்டில் இழுக்க வேண்டி வந்தால் கம்பியை அதற்குள்ளால் விட்டு இழுக்க. கல்முனைப் பொடியன்களுக்கு நான் சொன்ன அளவுகளில் அதுவும் இருக்கிறது. பாஸ் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகு செய்த பெட்டிகளிலும் அந்த வளையத்தை யாரும் கேட்காமலேயே நான் கடைசிவரை வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் தாங்கு இரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது தவராசா பாஸோடு உள்ளே இருந்தார். புவனேஸ்வரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கிரைண்டரை நிறுத்தினேன்.

"காக்கா, ஒரு கதை சொல்லுவன். இவருக்குச் சொல்லிப் போடாதீங்க."

"சொல்லுங்க தங்கச்சி."

"அந்த மீராலெப்பைக் காக்காட சைக்கிள் வட்டைக்குள்ளயே கிடந்ததுதானே. அடுத்த நாள் விடிய எடுக்கப் போனார். நானும் வாறன் எண்டன். வேணாம் எண்டுட்டார். சரியெண்டு விட்டுட்டு, பின்னால பஸ்சில போய் இறங்கி, குறுக்கால நடந்து போனன். மதகடியில மறைவா நிண்டு பார்த்தன்."

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சைக்கிள் சேத்துல படுத்துக் கிடக்கு. சீட்டில முதுகைக் குடுத்து, பெட்டியை ஒரு கையால பிடிச்சிட்டு நிமித்தினார். எழும்பல்ல. திரும்பவும் நிமித்தினார். கூப்பிடுவமோ எண்டு வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடல்ல. பிறகு நிமிந்திட்டு. உருட்டிக் கொண்டுபோய்த் தொட்டிலுக்குள்ள விட்டார். இருந்து சுத்தினார். பாதியில சைக்கிள் ஒருக்கா ஆடிச்சு, காக்கா. அங்க மதகடியில நிண்ட எனக்கு ரெண்டு முழங்காலும் தன்பாட்டில இறுகிட்டு. பிறகு ஆடல்ல. நேரா ஏறிட்டு."

"பிறகு?"

"பிறகென்ன. வந்த வழியால ஓடி, அவருக்கு முந்தி வீட்ட வந்து அடுப்பை மூட்டினன். கொஞ்சத்தில லேண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. உள்ள வந்து, 'தனிய ஏத்திட்டன்' எண்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஓமா?' எண்டு கேட்டன்."